கோச் வேலையில் எரிந்து தீர்ந்தவர் அடுத்து எங்கே போவது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாகப் போட்டி நீச்சலுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள். வயது 37. காலை நாலரை மணிக்கே குளத்தின் கரையில் நிற்கிறீர்கள். இரவு பத்து மணிக்கும் பெற்றோரின் மெசேஜுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். போன சீசனின் கடைசிப் போட்டியில், ஒன்பது வயதிலிருந்து நீங்கள் வளர்த்த பெண் தன் சிறந்த நேரத்தை ஒன்றரை நொடி குறைத்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். உங்களுக்கோ ஸ்டாப்வாட்சை அழுத்தியதும் ‘சரி, இன்னும் நான்கு ரேஸ்தான் பாக்கி’ என்று மட்டும் தோன்றியது. அன்றிரவே ராஜினாமா கடிதம் எழுதிவிட்டீர்கள். இன்னும் கொடுக்கவில்லை. ‘கோச்சிங்கைத் தவிர எதுவும் தெரியாத நான் எந்த வேலைக்குப் போக முடியும்?’ என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், ‘பிள்ளைகளைப் பாதியில் விட்டுப்போவது துரோகம் இல்லையா?’ என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. நான் களைத்திருக்கிறேனா அல்லது எனக்கும் இந்த வேலைக்கும் உள்ள உறவே முடிந்துவிட்டதா என்பது ஒன்று. வேறு என்ன வேலை என்பது இரண்டாவது. எப்படி விடைபெறுவது என்பது மூன்றாவது. நீங்கள் வாய்விட்டுக் கேட்டது இரண்டாவதை. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இரண்டாவதைத் தொட்டால், இங்கே எரித்த நெருப்பையே அடுத்த வேலைக்கும் கையோடு எடுத்துப்போவீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் பதினாறு வருடம் நடுத்தூர ஓட்டக்காரர்களுக்குக் கோச்சாக இருந்தேன். ஒருநாள் திடீரென்று விட்டேன். அதற்கப்புறம் நடந்ததைக் கீழே சொல்கிறேன். பிறகு ஆலோசனை உளவியல் படித்து, கடந்த பதினோரு வருடமாக என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் விளையாட்டுப் பயிற்சியாளர்கள்தான்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பர்ன்அவுட், அதாவது வேலையில் எரிந்து தீர்ந்துபோவது என்பதைத் தமிழில் பலரும் ‘மனச்சோர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். மனச்சோர்வு என்றால் டிப்ரஷன், அது ஒரு நோய். பர்ன்அவுட் அதுவல்ல. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்துகொண்டிருந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்களே முதலில் தீர்ந்துபோவதை அவர் அங்கே பார்த்தார், தானும் அந்த நிலைக்குப் போனார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து இதை அளக்க ஒரு வினாத்தாளை உருவாக்கினார். அதில் மூன்று பகுதிகள். உணர்ச்சி வற்றிப்போவது, ஆட்களை ஆட்களாகப் பார்க்காமல் தள்ளிநின்று பார்ப்பது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பர்ன்அவுட் நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாகத்தான் இடம்பெற்றிருக்கிறது. வேலையைத் தவிர வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. ‘இன்னும் நான்கு ரேஸ்தான் பாக்கி’ என்று உங்களுக்குத் தோன்றியது அந்த இரண்டாவது பகுதி. அந்தப் பெண் மேல் உங்களுக்கு அன்பு இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். உங்கள் சட்டி காலியாக இருந்தது.

இது உறுதியான பகுதி. இனி உறுதியில்லாத பகுதி. பர்ன்அவுட்டும் டிப்ரஷனும் உண்மையிலேயே வேறுவேறா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ரென்சோ பியான்கி, இர்வின் ஷோன்ஃபெல்ட் போன்றவர்கள் இரண்டும் பெரிதும் ஒன்றே என்று வாதிடுகிறார்கள். மாஸ்லாக் தரப்பினர் ஏற்கவில்லை. நடைமுறையில் நான் இப்படிப் பார்க்கிறேன்: பயிற்சி இல்லாத ஒரு நாளில், குளத்தைப் பற்றிய பேச்சே எழாத இடத்தில், உங்களால் சிரிக்க முடிகிறதா? பிடித்த சாப்பாடு ருசிக்கிறதா? பழைய நண்பரைப் பார்த்தால் மனம் லேசாகிறதா? ஆம் என்றால் நெருப்பு வேலையோடு நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் எதுவும் தொடவில்லை, காலையில் எழவே காரணம் தெரியவில்லை என்றால் அது வேலையைத் தாண்டிவிட்டது, மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்திருந்தால்கூட மருத்துவரையும் வீட்டில் நம்பிக்கையான ஒருவரையும் இன்றைக்கே பாருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது ஆகியவையும் இதே மாதிரி களைப்பைத் தரும். சில பரிசோதனைகளில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றை ‘என் வாழ்க்கையே தவறு’ என்று புரிந்துகொண்டு வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறேன். உங்களைச் சோதித்துப் பார்க்க இங்கிருந்து என்னால் முடியாது. அதனால் இந்த ஒரு படியை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

கோச் வேலை ஏன் இப்படி எரிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவதில்லை. உழைப்பு உங்களுடையது, ஆனால் முடிவை நீந்திக் காட்டுவது இன்னொருவரின் உடம்பு. பதினான்கு வயதுப் பையன் முந்தின இரவு வீட்டில் நடந்த சண்டையால் தூங்காமல் வந்திருப்பான். அவன் முதல் சுற்றான ஹீட்ஸிலேயே வெளியேறினால் கணக்கு உங்கள் பெயரில் எழுதப்படும். ஊர் ஓய்வெடுக்கும் நேரம் உங்கள் வேலை நேரம். அதனால் ஓய்வெடுக்கிற மனிதர்களோடு உங்களுக்கு உறவே இல்லாமல் போகிறது. நண்பர்கள் என்று இருப்பவர்களும் கோச்சுகள்தான், அவர்களே போட்டியாளர்களும்கூட. உற்சாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரையில் நின்று உற்சாகமாகக் கத்தியாக வேண்டும். மாதக்கணக்கில் இல்லாத உணர்ச்சியைக் காட்டுவது, இருக்கிற உணர்ச்சியையும் தின்றுவிடும். இதோடு தேர்வுப் பட்டியல். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது. விடப்பட்ட பிள்ளையின் முகம் வீடுவரை கூடவே வரும்.

நீச்சல் பயிற்சியாளர்களையே எடுத்து தாமஸ் ராடெக் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதன் சாரம் உங்களுக்கு நேராகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். விருப்பத்தால் வேலையில் இருப்பவர்களைவிட, விருப்பம் குறைந்தும் வேறு வழியில்லாததால் மாட்டிக்கொண்டதாக உணர்பவர்களிடம் களைப்பு அதிகம். வேலை நேரம் கூடுதல் என்பதால் மட்டும் ஒருவர் எரிந்துபோவதில்லை. ‘இவ்வளவு வருடம் போட்டுவிட்டேன், இனி எங்கே போவது’ என்ற அடைபட்ட உணர்வும் எரிக்கிறது. ‘எதுவும் தெரியாத நான்’ என்று நீங்கள் எழுதிய அந்த மூன்று சொற்களுக்கும் உங்கள் களைப்பில் பங்கு இருக்கிறது. அதனால் வெளியே வழி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே, வெளியே போனாலும் போகாவிட்டாலும், மருந்தில் ஒரு பாதி. கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் அறைக்குள்ளேயே நிம்மதியாக உட்கார்ந்துகொண்ட இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும்.

இப்போது அவசரம் பற்றி. டேப்பர், அதாவது பெரிய போட்டிக்கு முன் பயிற்சிச் சுமையைக் குறைப்பது, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய கடைசி மூன்று வாரங்களில், பயிற்சிச் சுமையைக் குறைத்த நீச்சல் வீரர்களின் நேரம் சராசரியாக 2.2 சதவீதம் மேம்பட்டது என்று இனிகோ முகிக்காவும் உடன் ஆய்வாளர்களும் அளந்து எழுதினார்கள். கடுமையான பயிற்சி வாரத்தின் வியாழக்கிழமை ஒரு பிள்ளை நீந்தும் நேரத்தை வைத்து ‘இவள் தகுதி இவ்வளவுதான்’ என்று நீங்கள் முடிவு கட்டுவீர்களா? மாட்டீர்கள். ஆனால் உங்களைப் பற்றிய முடிவை மட்டும் சீசனின் கடைசி இரவில், அரைத் தூக்கத்தில், எழுதிவைத்திருக்கிறீர்கள். கடிதத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. தேதி போடாமல் வையுங்கள்.

அதற்காக ஒரு வார விடுமுறை போதும் என்றும் சொல்ல மாட்டேன். மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் குறைந்த பர்ன்அவுட், வேலைக்குத் திரும்பி மூன்று வாரத்துக்குள் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அது அலுவலகப் பணியாளர்களிடம் செய்த சிறிய ஆய்வு. கோச்சுகளுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் நான் பார்த்ததும் அதுதான். வேலை மாறாமல் ஓய்வு மட்டும் எடுத்தால், ஓய்வு கரைந்துபோகும். அப்படியானால் எதற்கு ஓய்வு? முடிவெடுக்கத் தெம்பு வருவதற்கு. ஆஃப்-சீசனில் ஆறு வாரமாவது பொறுப்பைத் துணைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். முழுதாக முடியாவிட்டால் காலைப் பயிற்சியை மட்டுமாவது கொடுங்கள். பெற்றோரின் மெசேஜ் குழுவிலிருந்து வெளியேறுங்கள். அறிவிப்பை மட்டும் அணைத்துவைத்தால் போதாது, விரல் தானாகப் போய்த் திறக்கும். ஓய்வு ஆய்வுகளில் பெயர்பெற்ற சபீன் சோனென்டாக், வேலையை மனதிலிருந்து இறக்கி வைப்பதோடு, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் புதிதாகக் கற்பதையும் மீட்சியின் ஒரு கூறாகச் சொல்கிறார். கோச்சுகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. பன்னிரண்டு வருடமாகக் கற்றுக்கொடுப்பவராக மட்டும் இருந்த ஒருவர், எதிலாவது மக்கு மாணவராக உட்காரும்போது உள்ளே ஏதோ இளகுகிறது. தச்சு வேலையோ புல்லாங்குழலோ எதுவானாலும் சரி, அதில் மதிப்பெண்ணும் தரவரிசையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதை. நான் விட்டபோது எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. விளையாட்டுதான் என்னைத் தின்றது என்று முடிவுகட்டி, விளையாட்டுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு நிறுவனத்தில் விற்பனைக் குழுவை நடத்தும் வேலைக்குப் போனேன். சம்பளம் கூடுதல், ஞாயிறு விடுமுறை. முதல் ஆறு மாதம் சொர்க்கம். எட்டாவது மாதத்தில் குழுவில் பின்தங்கிய ஒரு பையனுக்கு இரவு பதினோரு மணிக்குப் போன் செய்து தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத இலக்கு தவறினால் எனக்குத் தூக்கம் போனது. ஒன்றரை வருடத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றேன், இந்த முறை ஓட்டப்பாதை இல்லாமல். அப்போதுதான் புரிந்தது. என்னை எரித்தது தடகளம் அல்ல. அடுத்தவரின் தோல்வியை என் தோல்வியாகச் சுமந்ததும், ‘இத்தோடு போதும்’ என்று நிறுத்தத் தெரியாததும்தான் என்னை எரித்தன. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையை மாற்றியது, காலில் முள்ளோடு செருப்பை மாற்றியது போல. அந்த ஒன்றரை வருடத்தை நீங்களும் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எது எரித்தது என்று கண்டுபிடிக்க மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் சொன்ன ஆறு இடங்கள் உதவும்: வேலைச் சுமை, முடிவெடுக்கும் உரிமை, கிடைக்கும் பலன், கூட இருக்கும் மனிதர்கள், நியாயம், நாம் மதிக்கும் விழுமியங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி எளியது. ஒரு முழு வாரம், ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் மூன்றில் ஒன்று: தெம்பு தந்தது, தெம்பை எடுத்தது, ஒன்றுமில்லை. வாரக் கடைசியில் ‘எடுத்தது’ என்று எழுதிய வரிகளை மட்டும் ஆறு இடங்களில் எதில் சேரும் என்று பிரித்துப் பாருங்கள். நாலரை மணிக்கு எழுவதுதான் தன்னை அழிக்கிறது என்று நம்பிவந்த ஒருவருக்கு, காலைப் பயிற்சி முழுக்க ‘தந்தது’ என்று வந்தது. குறிப்பேட்டில் சிவப்பாக நின்றதெல்லாம் நிர்வாகக் குழுவோடு பேசிய நேரங்கள். தேர்வுப் பட்டியலைக் கடைசி நிமிடத்தில் மாற்றச் சொல்லும் அழுத்தம். அவருக்குச் சுமை பிரச்சினையில்லை, நியாயம் பிரச்சினை. கிளப்பை மாற்றினார், கோச்சாகவே இருக்கிறார். இன்னொருவருக்கு மாறாக, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் உடம்பை நேரத்துக்காக முறுக்குவதே மனதுக்கு ஒப்பவில்லை. அது விழுமியம் சார்ந்தது. அவருக்கு எந்தக் கிளப்பும் உதவியிருக்காது. வெளியேறியதுதான் சரி. இருவரும் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றே: ‘எனக்குக் கோச்சிங் போதும்.’

ஆக உங்கள் முன்னால் இருப்பது ஒரே கதவு அல்ல. இடத்தை மாற்றலாம். விளையாட்டுக்குள்ளேயே பாத்திரத்தை மாற்றலாம். முழுதாக வெளியேறலாம். விட்டுப்போய்த் திரும்பியவர்களுக்கும் பாத்திரத்தை மாற்றியவர்களுக்கும் ஊரறிந்த உதாரணங்கள் உண்டு. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் டிக் வெர்மீல், பர்ன்அவுட் என்று வெளிப்படையாகச் சொல்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியை 1983 ஜனவரியில் விட்டார். பல வருடங்கள் தொலைக்காட்சி வர்ணனையாளராக இருந்தார். 1997-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குத் திரும்பி, 2000 ஜனவரியில் அந்த விளையாட்டின் பட்டத்துக்கான இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். ஜெர்மனியின் கால்பந்துப் பயிற்சியாளர் ரால்ஃப் ரங்னிக், உடலும் மனமும் தீர்ந்ததாகச் சொல்லி 2011 செப்டம்பரில் ஷால்கே அணியிலிருந்து விலகினார். அடுத்த வருடம் அவர் திரும்பியது ஆடுகளத்தின் ஓரத்துக்கு அல்ல, இரண்டு கிளப்புகளின் விளையாட்டு இயக்குநர் நாற்காலிக்கு. பின்னாளில் பயிற்சியாளராகவும் ஆனார். இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் 2024 ஜனவரியில், தன் சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி அந்த சீசனோடு விலகப்போவதாக அறிவித்தார். 2025-ல் பல கிளப்புகளின் கால்பந்துப் பணியை மேற்பார்க்கும் பொறுப்புக்குப் போனார். இவர்கள் வாழ்க்கையை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அவர்களிடம் பணமும் பெயரும் இருந்தன, காத்திருக்க முடிந்தது. ஆனால் போவது என்பது நிரந்தரமாகப் போவதாக இருக்க வேண்டியதில்லை என்பதும், களைப்பை ஒப்புக்கொண்டவரை அந்தத் தொழில் மறந்துவிடுவதில்லை என்பதும் இவர்களிடம் தெளிவாகத் தெரிகிறது.

‘எதுவும் தெரியாது’ என்பதற்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் விளையாட்டு மொழியில் மட்டுமே சொல்லிப் பழகியிருக்கிறீர்கள். நாற்பது பிள்ளைகளை ஆறு லேன்களில், நான்கு வேகங்களில், மோதாமல் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறீர்கள். அதை மற்ற இடங்களில் செயல்பாட்டு மேலாண்மை என்கிறார்கள். போட்டித் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி இருபத்தி நான்கு வாரத் திட்டம் போடுகிறீர்கள், இடையில் காய்ச்சல் வந்தால் மாற்றி எழுதுகிறீர்கள். திட்ட மேலாளர்கள் அதற்காகத்தான் சான்றிதழ் படிக்கிறார்கள். முப்பது பேரோடு வெளியூர் போட்டிக்குப் போய் ஒருவரையும் தொலைக்காமல், ஒருவர் வயிற்றையும் கெடுக்காமல் திரும்புகிறீர்கள். கோபமாக வரும் தகப்பனை உட்காரவைத்துப் பேசி அனுப்புகிறீர்கள். தவறைச் சொன்னால் அழுகிற பிள்ளைக்கும் முறைக்கிற பிள்ளைக்கும் ஒரே தவறை இரண்டு விதமாகச் சொல்லத் தெரியும். கையின் நிலை இரண்டு அங்குலம் மாறியதைத் தண்ணீருக்குள்ளேயே கண்டுபிடிக்கும் கண் இருக்கிறது. வேலைக்கான விண்ணப்பத்தில் பதக்கங்களை அடுக்காதீர்கள். வெளியாட்களுக்கு அது ஒரு கோப்பை அலமாரி, அவ்வளவுதான். எத்தனை பேரை, எவ்வளவு காலம், எந்த வசதிக் குறைவோடு, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குக் கொண்டுவந்தீர்கள் என்று எழுதுங்கள்.

எந்தெந்த வேலை? பெயர் சொல்லத் தயங்குகிறேன். குறிப்பேடு எழுதும் முன் பட்டியலைப் பார்த்தால் கண் முதலில் சம்பளத்தில்தான் போய் நிற்கும். இருந்தாலும் நான் கண்டதைச் சொல்கிறேன். இது ஆய்வு அல்ல, என் மேசைக்கு வந்தவர்களை வைத்து. கற்றுக்கொடுப்பதில் இன்னும் தெம்பு வருகிறவர்களுக்கு நிறுவனங்களின் ஊழியர் பயிற்சிப் பிரிவும், பெரியவர்களுக்கும் முதியவர்களுக்கும் நீச்சல் சொல்லிக்கொடுப்பதும், புதிய பயிற்சியாளர்களை உருவாக்கும் பணியும் ஒத்துப்போயின. ஸ்கோர்போர்டு இல்லாத தண்ணீர் எவ்வளவு அழகு என்று ஒருவர் என்னிடம் அழுதே விட்டார். ஆட்களோடு பழகியே களைத்துப்போனவர்களுக்கு வீடியோ பகுப்பாய்வு, தரவுப் பணி, போட்டி ஏற்பாடு, குள நிர்வாகம், பாதுகாப்புப் பணி ஆகியவை நன்றாக அமைந்தன. உடம்பின் மேல் ஆர்வம் குறையாதவர்கள் பிசியோதெரபிக்குப் போகிறார்கள். அது பல வருடப் படிப்பு, கையில் கணக்கோடு போங்கள். எச்சரிக்கை ஒன்று உண்டு. தனிப்பட்ட உடற்பயிற்சியாளர் வேலை மிக எளிதில் கிடைக்கும், முதலில் கூப்பிடுவதும் அதுதான். ஆனால் அதிகாலை, பின்மாலை, வாடிக்கையாளரின் மனநிலைக்குத் தக்க உற்சாகம் என்று, உங்களை எரித்த அதே அடுப்பின் சிறிய வடிவமாகவே அது பலருக்கு முடிந்தது.

ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் அடி எடுத்துவைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். வேலை மாறுகிறவர்களை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் எர்மினியா இபாராவின் வாதம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. உட்கார்ந்து யோசித்து ‘நான் யார்’ என்று கண்டுபிடித்துவிட்டு யாரும் மாறுவதில்லை. சின்னதாகச் செய்து பார்த்து, அதன் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நீங்களும் பிள்ளைகளை அப்படித்தான் நடத்துகிறீர்கள். இவள் பட்டர்ஃப்ளைக்கா பேக்ஸ்ட்ரோக்குக்கா என்று பேசியா முடிவெடுக்கிறீர்கள்? நீந்தவிட்டுப் பார்க்கிறீர்கள். வாரம் இரண்டு மாலை, இரண்டு மாதம், ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று செய்து பாருங்கள். அந்த வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் சம்பளத்தைக் கேட்காமல், ‘உங்கள் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலான வேலைகளின் உண்மை செவ்வாய்க்கிழமையில்தான் இருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் வெறும் கையோடு விடாதீர்கள். கைக்கு எட்டிய முதல் வேலையைப் பயத்தில் பிடித்துக்கொள்ள நேரும். அவ்வளவு சேர்க்க முடியாதென்றால் பாதி நேரக் கோச்சாக ஒரு சீசன் கழிக்கப் பேசிப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முடிவை அறிவிக்காமல், குறிப்பேட்டைக் காட்டுங்கள். அவர்கள் உங்களைவிட முன்பே பார்த்திருப்பார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: நீங்கள் விரும்பியே விட்டாலும் துக்கம் வரும். செத்தவர் யாரும் இல்லாததால் யாரும் துக்கம் விசாரிக்க வர மாட்டார்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்துக்குக் கென்னத் டோகா என்ற ஆய்வாளர் தனியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார். முதல் மூன்று மாதத்து சனிக்கிழமைகள் கடினமாக இருக்கும். நாலரைக்குக் கண் தானாகத் திறக்கும். கடையில் யாரோ ‘கோச்!’ என்று கூப்பிட்டால் திரும்புவீர்கள், பிறகு நெஞ்சில் ஒன்று அடைக்கும். அதை ‘தவறான முடிவெடுத்துவிட்டேன்’ என்று படிக்காதீர்கள். பன்னிரண்டு வருடம் ஒரு பெயரால் அழைக்கப்பட்டவருக்கு அந்தப் பெயர் உடம்பிலேயே ஊறியிருக்கும். மூன்று மாதத்துக்குள் திரும்பிப்போக எந்த முடிவும் எடுப்பதில்லை என்று இப்போதே எழுதிவையுங்கள்.

கடைசியாக, துரோகம். காலியான ஒருவர் கரையில் நிற்பதைப் பிள்ளைகள் உணர்கிறார்கள். காரணம் தெரியாததால் ‘நான் சரியாக நீந்தாததால்தான் சாருக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னுடைய பழைய ஓட்டக்காரன் ஒருவன் பத்து வருடம் கழித்து இதை என் முகத்துக்கு நேராகச் சொன்னான். என் கடைசி சீசன் முழுக்க அவன் அப்படித்தான் நினைத்திருந்தானாம். அதனால் நீங்கள் போவதென்று முடிவானால், பெரிய போட்டிக்கு முந்தைய வாரத்தில் சொல்லாதீர்கள். சீசன் முடிந்ததும் நேரில் சொல்லுங்கள், பெற்றோரின் குழுவில் செய்தி வரும் முன் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ‘நான் களைத்துவிட்டேன், இதற்கு உங்களில் யாரும் காரணமில்லை’ என்ற வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள், அழகுபடுத்த வேண்டாம். அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். அவளுடைய பன்னிரண்டு மாதப் பயிற்சிக் குறிப்புகளையும், தோள்பட்டையில் எந்தச் சுமைக்கு வலி வரும், எந்த நாளில் அவளைத் திட்டக் கூடாது என்பதையும் புதிய பயிற்சியாளருக்கு எழுதிக்கொடுங்கள். முதல் சில மாதம் குளத்துப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் கரையில் தெரிந்தால் அவள் கண் புதியவரை விட்டு உங்களைத்தான் தேடும்.